சி.டி. ஸ்கேன் 'நார்மல்' என்றால் கட்டி இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: வயது 46. எட்டு மாதமாக முகமும் கழுத்தும் திடீர் திடீரெனச் சிவந்து காந்துகின்றன. தினமும் ஐந்தாறு முறை தண்ணீராகப் பேதி. 24 மணி நேரச் சிறுநீரில் 5-எச்.ஐ.ஏ.ஏ. இயல்பைவிட மூன்று மடங்கு. ஆனால் வயிற்று சி.டி. ஸ்கேன் 'நார்மல்' என்று வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இப்போதைக்கு முடியாது. 5-எச்.ஐ.ஏ.ஏ. என்பது செரட்டோனின் என்ற ஹார்மோன் சிதைந்து சிறுநீரில் வெளியேறும் பொருள். அது ஏறியிருப்பதும் உங்கள் அறிகுறிகளும், அந்த ஹார்மோனைச் சுரக்கும் கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட வைக்கின்றன. சி.டி. ஸ்கேன் ஹார்மோனைக் காட்டாது. அதைச் சுரக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தால் மட்டுமே காட்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வரும் இத்தகைய நியூரோ எண்டோக்ரைன் கட்டிகள் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாகுபவை) பல நேரம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது.

ரிப்போர்ட்டின் முடிவுரையை விட்டுவிட்டு, ஸ்கேன் எடுத்த முறையைச் சொல்லும் பத்தியைப் படியுங்கள். ரத்தநாளங்கள் மிகுந்த கட்டி இது. படத்தில் ரத்தநாளங்கள் தெரிய ஊசியில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறிய 35 - 40 விநாடியில், அதாவது தமனிக் கட்டத்தில், பயறளவுப் புள்ளியாகப் பளிச்சென ஒளிரும். 70 விநாடியில் எடுக்கும் சிரைக் கட்டப் படத்தில் அதே புள்ளி குடல் சுவரின் நிறத்தோடு கலந்துவிடும். சாதாரண வயிற்று ஸ்கேனில் பெரும்பாலும் இந்த இரண்டாவது படம் மட்டும்தான் இருக்கும். உங்களுக்கும் அப்படி எடுத்திருந்தால் அந்த 'நார்மல்' போதாது.

இன்னொரு கோளாறு, படத்தில் வெள்ளையாகத் தெரியும் மருந்தைக் குடிக்கக் கொடுப்பது. வெள்ளைக்குள் வெள்ளைப் புள்ளி எப்படித் தெரியும்? இந்தத் தேடலுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் தண்ணீரோ அதுபோல் நிறம் காட்டாத திரவமோ குடித்துக் குடலை விரிய வைக்க வேண்டும். ஊசியும் முக்கியம்: முழங்கை மடிப்பு ரத்தநாளத்தில் பெரிய ஊசி, விநாடிக்கு 3 முதல் 5 மி.லி. வேகம். புறங்கையில் சின்ன ஊசி போட்டு மெதுவாக ஏற்றினால் தமனிக் கட்டம் மங்கிப்போகும்.

மறுபடி எடுக்கும் முன், பழைய படங்களையே இந்தக் கட்டிகளில் பழக்கமுள்ள ரேடியாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். மூலக்கட்டி தெரியாவிட்டாலும், குடலைத் தாங்கும் கொழுப்பு மடிப்பில் சுண்ணாம்புப் படிவுள்ள ஒரு முடிச்சும், அதிலிருந்து சக்கர ஆரம்போல் விரியும் இழைகளும் இருக்கலாம். அதுவே பெரிய துப்பு. கல்லீரலையும் உன்னிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். குடலில் சுரக்கும் செரட்டோனினைக் கல்லீரல் சிதைத்துவிடும். அதனால் முகம் சிவக்கும் அளவுக்கு வந்தால், கட்டி கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என்ற கேள்வி முதலில் எழும். கல்லீரலின் சிறு புள்ளிகளுக்கு எம்.ஆர்.ஐ. மேலானது. உடல் முழுக்கத் தேட, இந்தக் கட்டிகளில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கும் காலியம்-68 டோட்டாடேட் பெட் சி.டி. உதவும்.

சிறுநீர்ச் சோதனைக்கு முந்தைய மூன்று நாளில் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, வால்நட் சாப்பிட்டிருந்தால் அளவு பொய்யாக ஏறும். அவற்றை நிறுத்தி ஒருமுறை திரும்பச் செய்துகொள்ளுங்கள். இந்தக் கட்டிகளுக்கான ரத்தப் பரிசோதனையான குரோமோகிரானின் ஏ எழுதிக் கொடுத்தால், ஒமிப்ரசோல் வகை அமிலக் குறைப்பு மாத்திரைகள் அதையும் ஏற்றும் என்பதைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். கான்ட்ராஸ்ட்டுக்கு முன், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். முன்பு ஒவ்வாமை வந்திருந்தாலும், மெட்ஃபார்மின் எடுத்தாலும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இதற்கிடையில் வேறு எதற்காவது மயக்க மருந்தோ பயாப்ஸியோ தேவைப்பட்டால், உங்கள் அறிகுறிகளையும் சிறுநீர் முடிவையும் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஹார்மோன் மொத்தமாக வெளியேறி ரத்த அழுத்தம் சரியக்கூடும். ஹார்மோன் வெளியேறுவதை அடக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசி தயாராக இருக்க வேண்டும்.