மூண்டாம் மாடியும் முழங்கால் நோவும்: நடக்கிறதோ, படுத்திருக்கிறதோ?

வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறா. வயசு 57, லிஃப்ட் இல்லாத பிளாட்ல மூண்டாம் மாடி, நாலு வருசமா ரெண்டு முழங்காலும் நோ, இப்ப ஆறு மாசமா கைவிரலும் சேந்து நோகுதாம். "நோ குறைஞ்ச நாளில சந்தைக்குப் போய், சமைச்சு, வீடும் கூட்டித் துடைச்சுப் போடுவன், அடுத்த ரெண்டு நாளும் கட்டிலை விட்டு எழும்பேலாது. பிள்ளையள் நடக்காதேங்கோ எண்டுதுகள், பக்கத்து வீட்டுக்காரி நட நட எண்டுறா, டாக்டர் வயசு எண்டு சொல்லி பனடோல் தந்தார். பிரஷருக்கும் குளிசை எடுக்கிறன். நோ கூடினா பார்மசியில டைக்ளோபெனாக் வாங்கிப் போடுவன். கோயிலில கதிரையில இருக்கவும் வெக்கமாக் கிடக்கு. நான் ஆர் சொல்லுறதைக் கேக்கிறது?"

அக்கா, ரெண்டு பேர் சொல்லுறதிலயும் பாதிதான் சரி. நான் பிசியோதெரபிஸ்ட், கொழும்பில இந்த வேலை செய்யத் தொடங்கின நாள் முதல் நீங்கள் எழுதின இதே கதையைக் கேட்டுக்கொண்டு வாறன். நல்ல நாளில எல்லாத்தையும் ஒரேயடியாச் செய்து முடிக்கிறது, பிறகு ரெண்டு நாள் விழுந்து படுக்கிறது, அந்த ரெண்டு நாளில தசை இன்னும் கொஞ்சம் வலு குறையிறது, அடுத்த முறை அதே வேலைக்கு முந்தியே நோ வாறது. உங்களை நாலு வருசமா வருத்திறதில பெரிய பங்கு இந்தச் சுத்துக்குத்தான் எண்டு நான் நினைக்கிறன். இதை மாத்தலாம்.

முதல்ல முழங்காலுக்குள்ள என்ன நடக்குது எண்டு சொல்லுறன். கனபேர் "எண்ணெய் வத்திப்போச்சு" எண்டு சொல்லுவினம், ஆனா மூட்டை மெசின் மாதிரி நினைச்சா பாவிக்கப் பாவிக்கத் தேயும் எண்டு பயம்தான் வரும். எலும்பு முனையை மூடியிருக்கிற குருத்தெலும்புக்குள்ள ரத்தக்குழாய் இல்லை, நீங்கள் கால் ஊண்டேக்க அது அமுங்கும், எடுக்கேக்க விரியும், அப்பிடி அமுங்கி விரியேக்கதான் சுத்தியிருக்கிற மூட்டு நீரில இருந்து அதுக்குச் சாப்பாடு போகும், பஞ்சு தண்ணி இழுக்கிற மாதிரி. அசையாமக் கிடந்தா அந்தச் சாப்பாடும் குறையும், தொடைத் தசையும் மெலியும். தொடைத் தசைதான் முழங்காலுக்கு வாற பாரத்தில ஒரு பங்கைத் தாங்கிறது. அதாலதான் பிள்ளையள் சொல்லுற முழு ஓய்வு சரிவராது. பக்கத்து வீட்டுக்கார அக்கா சொல்லுறதும் நல்ல மனசோட சொல்லுறதுதான், ஆனா எவ்வளவு நடக்கிறது எண்டு அவ சொல்லேல்லை. அளவுதான் இங்க மருந்து.

அளவை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? ஒரு கிழமைக்கு மணிக்கூட்டைப் பாத்து எழுதி வையுங்கோ: குசினியில நிண்டு எத்தினை நிமிசத்தில நோ கூடத் தொடங்குது, நடந்தா எத்தினை நிமிசத்தில. இப்ப 20 நிமிசம் நிண்டா நோ கூடுது எண்டால் 15 நிமிசத்தில கதிரையில இருங்கோ, நோ வந்த பிறகு இல்லை, வரமுதலே. ஒரு அஞ்சு பத்து நிமிசம் இருந்திட்டுத் திரும்ப எழும்பலாம். கஷ்டம் என்னெண்டால் நல்ல நாளிலயும் இதே அளவுதான், இண்டைக்கு நோ இல்லையே எண்டு வீடு முழுக்கத் துடைக்கக்கூடாது. ஒரு நாள் ஹோல், அடுத்த நாள் ஒரு அறை. ரெண்டு கிழமை சமாளிச்சா நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்கோ. கூடாத நாளிலயும் முழுக்கப் படுக்காதேங்கோ, பாதியைக் குறைச்சுக்கொண்டு மிச்சப் பாதியைச் செய்யுங்கோ.

நடக்கேக்க கொஞ்சம் நோகிறது பிழை இல்லை. நோவுக்குப் பத்துக்கு எத்தினை எண்டு புள்ளி போட்டா அது நாலுக்குள்ள நிண்டு, அடுத்த நாள் காலமைக்கு முந்தி இருந்த நிலைக்கு வந்திட்டா பயப்பிடத் தேவையில்லை, மூட்டு பழுதாகேல்லை. அடுத்த நாளும் கூடிப்போய் இருந்தா நேற்றைய அளவு கூட எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. காலி வீதி நடைபாதை மேடும் பள்ளமும், சனமும் கூட, மரைன் டிரைவ் பக்கம் சமதரையா இருக்கும், வெயில் ஏறமுதல் காலமை 10 நிமிசம், பின்னேரம் 10 நிமிசம் போதும் தொடங்க.

படி ஏறேக்க உடம்புப் பாரத்தை விட ரெண்டு மூண்டு மடங்கு முழங்காலில விழும், அதால மூண்டாம் மாடி உங்களுக்கு உண்மையிலயே பெரிய வேலைதான். ஏறேக்க நோ குறைஞ்ச கால் முதல், மற்றக் கால் அதே படிக்கு வரட்டும், இறங்கேக்க நோ கூடின கால் முதல். கைபிடியைப் பிடியுங்கோ, ஒவ்வொரு மாடியிலயும் நிண்டு மூச்சு எடுங்கோ. பொல்லுப் பிடிக்கிறதெண்டால் நோ கூடின காலுக்கு எதிர்ப்பக்கக் கையில பிடிக்கவேணும், கனபேர் நோகிற பக்கமே பிடிச்சு இன்னும் சரிஞ்சு சரிஞ்சு நடக்கினம். பொல்லின்ட உயரம், கையைத் தொங்க விட்டு நிண்டா மணிக்கட்டு மடியிற இடம் வரைக்கும். ஒரு நாளைக்கு எத்தினை தரம் இறங்கிறியள் எண்டு எண்ணிப் பாருங்கோ, பால் வாங்க ஒருக்கா, மரக்கறிக்கு ஒருக்கா எண்டு போறதை ஒண்டாக்கலாம். கைபிடி இல்லாத பக்கத்துக்குக் கைபிடி போடச் சொல்லி பிளாட் ஆக்களிட்டக் கேளுங்கோ, இதைக் கேக்கிறதில ஒரு குறையும் இல்லை, அந்தப் படியில வயசான ஆக்கள் இன்னும் இருப்பினம்.

தசைக்கு மூண்டு பயிற்சி போதும். கதிரையில நிமிர்ந்து இருந்து ஒரு காலை நேரா நீட்டி, தொடையை இறுக்கி அஞ்சு வரை எண்ணி மெல்ல இறக்கிறது. மல்லாந்து படுத்து ஒரு காலை மடிச்சு, மற்றக் காலை நேரா ஒரு சாண் தூக்கி அஞ்சு எண்ணுறது. மூண்டாவது, கொஞ்சம் உயரமான கதிரையில இருந்து கை ஊண்டாம எழும்பி இருக்கிறது, ஏலாட்டி முதல்ல கை ஊண்டியே செய்யுங்கோ. ஒவ்வொண்டும் பத்துத் தரம், நாளைக்கு ரெண்டு வேளை. ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை ஆகும் வித்தியாசம் தெரிய, கனபேர் மூண்டாம் கிழமையில "ஒண்டும் நடக்கேல்லை" எண்டு விட்டிடுவினம், எனக்கு அதுதான் பெரிய கவலை, விடாதேங்கோ. நிறை கூட இருந்தா ஒரு கிலோ குறைச்சாலே ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில கிட்டத்தட்ட நாலு கிலோ பாரம் குறையும், அதால பெருசா யோசிக்காம ரெண்டு மூண்டு கிலோவில தொடங்குங்கோ.

இனி விரல். இதை நான் முழங்காலோட சேத்துப் பாக்க மாட்டன், நீங்கள் ஒருக்கா வடிவாப் பாருங்கோ. நகத்துக்குக் கிட்ட இருக்கிற மூட்டில கல்லு மாதிரிக் கட்டி வந்து, காலமை விறைப்பு அரை மணித்தியாலத்துக்குள்ள போகுதெண்டால் அது தேய்மானம் எண்டு எல்லாரும் சொல்லுற மூட்டு நோவா இருக்கக்கூடும். விரல் உள்ளங்கையோட சேருற பெரிய மூட்டுகள் ரெண்டு கையிலயும் மெத்தெண்டு வீங்கி, காலமை எழும்பினா ஒரு மணித்தியாலத்துக்கு மேல கை மடக்கேலாம இருந்தா அது முடக்குவாதமா (ருமட்டோயிட் ஆர்த்ரைட்டிஸ்) இருக்கலாம், அதுக்கு மருந்து வேற, பிந்தினா மூட்டுக் கோணிப்போகும். அப்பிடி எண்டால் "வயசு" எண்ட பதிலோட வீட்ட வராதேங்கோ, தேசிய வைத்தியசாலையில வாத நோய் கிளினிக் இருக்கு, ராகமயிலயும் இதுக்கெண்டே அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கு, காசு குடுக்கத் தேவையில்லை, டாக்டரிட்டத் துண்டு கேட்டு வாங்கிப் போங்கோ. அங்க முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எண்ட மருந்து எழுதினா அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடுற குளிசை, ஒவ்வொரு நாளும் போட்டா உயிருக்கே ஆபத்து, எந்த நாள் எண்டு கலண்டரில வட்டம் போட்டு வையுங்கோ. அதோட 2025ல கொழும்புப் பக்கம் சிக்குன்குனியா திரும்பவும் வந்தது, அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மாசக்கணக்கா மூட்டு நோகிறது வழமை. ஆறு மாசத்துக்கு முன்னம் காய்ச்சல் ஏதும் வந்ததோ எண்டு யோசிச்சு டாக்டரிட்டச் சொல்லுங்கோ.

குசினியில விரலைக் காப்பாத்திறது இப்பவே தொடங்கலாம். நிலத்தில குந்தியிருந்து தேங்காய் திருவிறதை இண்டையோட விடுங்கோ, மேசையில பூட்டிற திருவலை இருக்கு, அதைப் பிள்ளையள் சுத்தட்டும். இடியப்பம் பிழியிறதுதான் இந்த மாதிரி விரலுக்கு மிச்சம் கூடாத வேலை, மர உரலை ரெண்டு கையாலயும் இறுக்கி அமத்த வேணும். இடியப்பம் கடையில வாங்குங்கோ, வீட்டில புட்டு அவியுங்கோ. சட்டியை ஒரு கையால காதில பிடிச்சுத் தூக்காம ரெண்டு உள்ளங்கையாலயும் ஏந்துங்கோ, சந்தைப் பையை விரலில தொங்க விடாம முழங்கையில கொழுவுங்கோ, துணி முறுக்கிப் பிழியிறதை வேற ஆரும் செய்யட்டும். வெங்காயம் உரிக்கிறது, கீரை ஆயிறது எல்லாம் கதிரையில இருந்து. ஹோலில செட்டி (சோபா) பதிவா இருந்தா தடிச்ச மெத்தை ஒண்டு போட்டு உயர்த்துங்கோ, இருக்கேக்க முழங்கால் இடுப்பை விட மேல போகக்கூடாது.

மருந்து எழுதிறது டாக்டர்ட வேலை, ஆனா நீங்கள் எழுதினதில எனக்கு ஒண்டு சரியான பயமா இருக்கு. டைக்ளோபெனாக் குளிசை பிரஷரைக் கூட்டும், கிட்னியைப் பாதிக்கும், வயித்தில புண் வைக்கும், பிரஷர்க் குளிசையோட சேத்து நீங்களா வாங்கிப் போடாதேங்கோ. அதே மருந்து பூசிற ஜெல்லா இருக்கு, முழங்காலுக்கும் விரலுக்கும் அதுதான் முதல்ல பாக்கவேண்டியது, ரத்தத்துக்குள்ள மிச்சம் கொஞ்சமாத்தான் போகும், ஒரு கிழமை ஒழுங்காப் பூசிப் பாத்துத்தான் வேலை செய்யுதோ எண்டு சொல்லலாம். ஜெல் பூசின இடத்துக்கு மேல சூடு வைக்கவோ தைலம் பூசவோ கூடாது. பனடோல் 500 மில்லிகிராம் ஒரு தரத்துக்கு ரெண்டு, குறைஞ்சது நாலு மணித்தியால இடைவெளி, 24 மணித்தியாலத்தில எட்டுக்கு மேல இல்லை, மெலிஞ்ச ஆக்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ள ஆக்களுக்கும் அதை விடக் குறைவு. தடிமல் குளிசைக்குள்ளயும் பனடோலில இருக்கிற அதே பரசிட்டமோல் இருக்கும், அதையும் எண்ணவேணும். இன்னொண்டு, இது கொழும்பு, டெங்கு எப்பவும் இருக்கிற இடம்: காய்ச்சல் வந்தா அண்டைக்கு மூட்டு எவ்வளவு நோனாலும் டைக்ளோபெனாக், இபுபுரோபென் ஒண்டும் தொடாதேங்கோ, டெங்கு எண்டால் இந்த மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டும். பேர் எழுதாம பக்கெட்டில கட்டித் தாற தூள், குளிசையும் வேண்டாம், ரெண்டு நாளில அதிசயமா நோ நிண்டா அதுக்குள்ள ஸ்டீரோயிட் கலந்திருக்கக்கூடும்.

விறைப்புக்குச் சூடு, வீக்கத்துக்குக் குளிர், ஒவ்வொண்டும் 15 நிமிசம், துணி சுத்தித்தான். ஒரு மூட்டு மட்டும் திடீரெண்டு வீங்கிச் சிவந்து சுட்டு, காய்ச்சலும் இருந்தா விடியும் வரை பாக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, மூட்டுக்குள்ள கிருமி போயிருக்கலாம்.

கோயிலுக்கு வாறன். வெக்கம் எண்டு எழுதியிருந்தியள், அதை வாசிக்க எனக்கு மனம் கஷ்டமாப் போச்சு. நிலத்தில இருந்து எழும்ப ரெண்டு பேர் கை குடுத்துத் தூக்கிறதை விடக் கதிரை எவ்வளவோ மேல், பம்பலப்பிட்டியில எந்தக் கோயிலுக்குப் போனாலும் சுவர் ஓரமாக் கதிரையில இருக்கிற அம்மாமாரைக் காணலாம். நோவாலதான் போகாம விட்டிருக்கிறியள் எண்டால் இந்த வெள்ளிக்கிழமை போங்கோ, சனம் கூடமுதல் கொஞ்சம் வெள்ளெனப் போய் ஒரு கதிரையை எடுத்துப் போட்டு இருங்கோ. சனிக்கிழமை சந்தையில சாமான் வாங்கி முடிய பிள்ளையளுக்குப் போன் எடுங்கோ, பையை அவை மேல கொண்டு போகட்டும், நீங்கள் கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு மாடியிலயும் நிண்டு நிண்டு ஏறுங்கோ.