கழுத்து ஃப்யூஷன் ஆபரேஷனுக்கு எந்த எலும்பு வைப்பது? எதில் செலவு குறைவு?

கழுத்தில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்குகளில் ஒரே ஒன்றை எடுத்துவிட்டு மேலும் கீழும் உள்ள எலும்புகளை ஒட்டவைக்கப் போகிறார்கள். அந்த இடைவெளியில் வைக்க நம் இடுப்பெலும்பா, தான எலும்பா, செயற்கை கேஜா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் சி5-சி6-இல், அதாவது கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவில், இடுப்பெலும்பு வைத்தார்கள். சில வருஷம் கழித்து அதற்கு மேல் டிஸ்க்கும் கெட்டுப்போக, அங்கே கேஜ்.

இடுப்பெலும்பில் நம்முடைய உயிருள்ள செல்களே இருப்பதால் நன்றாக ஒட்டும். 1950-களில் இந்த ஆபரேஷன் வந்த காலத்தில் அதைத்தான் வைத்தார்கள். இன்றும் மற்றதையெல்லாம் அதோடுதான் ஒப்பிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்குவதில்லை என்பதால் இலவசம் மாதிரி தெரியும். ஆனால் இன்னொரு வெட்டு, கூடுதல் தியேட்டர் நேரம், மயக்க மருந்து, வலி மருந்து என்று பில்லில் வேறு பெயர்களில் ஏறிவிடும். வலியைக் கேட்காதீர்கள், கழுத்தே தேவலை என்று ஆகிவிட்டது. இருமினால் இடுப்பு சுண்டி இழுக்கும், பேன்ட் பட்டை சரியாகத் தையல் மேலேயே வந்து உட்காரும். வெளித்தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னமும் மரத்துத்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் தோல் நரம்பு அடிபட்டால் அப்படித்தான் ஆகுமாம்.

தான எலும்பு இறந்தவர்களிடமிருந்து பெற்று, சோதித்துப் பதப்படுத்தியது. நோய் தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. உயிருள்ள செல் இல்லாததால் ஒட்ட நாளாகும். ஆனால் ஒரு லெவல் (ஒரு டிஸ்க் இருந்த இடம்) மட்டும், எலும்புகளைப் பிடித்துவைக்க உலோகப் பிளேட்டும் போடுகிறார்கள் என்றால் முடிவில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

கேஜ் என்பது பீக் பிளாஸ்டிக்கிலோ டைட்டானியத்திலோ செய்த சின்னக் கூடு. அதற்குள் என்ன நிரப்பப் போகிறார்கள் என்று கேளுங்கள், விலை அங்கேதான் மாறும். கழுத்திலேயே சீவி எடுத்த எலும்புத் துருவல் என்றால் தனி விலை இல்லை. செயற்கை கால்சியம் பாஸ்பேட் என்றால் அதற்குத் தனியாக ஒரு தொகை வரும். எலும்பை வளரவைக்கும் பிஎம்பி புரதம் இருப்பதிலேயே விலை கூடியது. அதைக் கழுத்தில் வைத்தவர்களுக்குத் தொண்டை வீங்கி, மூச்சுவிடவும் விழுங்கவும் முடியாமல் போன சம்பவங்களைச் சொல்லி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-லேயே எச்சரித்தது. சாதாரண ஒரு லெவல் கேஸுக்கு யாராவது அதை எழுதினால் காரணம் கேட்காமல் விடாதீர்கள்.

என்னைக் கேட்டால், ஒரே லெவல், சிகரெட் பழக்கம் இல்லை, எலும்பு பலமும் சரி என்றால் இடுப்பைத் தொடவிட மாட்டேன். இரண்டு மூன்று லெவல் என்றாலோ, முன்பு ஒருமுறை ஒட்டாமல் போயிருந்தாலோ சொந்த எலும்பு பற்றி சர்ஜனிடம் பேசத்தான் வேண்டும். அப்புறம், சிகரெட் பிடிப்பவர் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். நிகோடின் எலும்பை ஒட்டவிடாது. ஒட்டவில்லை என்று மறுபடி திறந்தால் வரும் செலவுக்கு முன்னால் உள்ளே வைக்கும் எலும்பு, கேஜ் விலை எல்லாம் ஒன்றுமே இல்லை.

எஸ்டிமேட் வாங்கும்போது கேஜ், உள்ளே நிரப்பும் பொருள், பிளேட்-ஸ்க்ரூ, தியேட்டர் கட்டணம் நான்கையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால், நிரப்பும் பொருளுக்கும் பணம் தருவார்களா என்பதை அட்மிட் ஆவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.