லாரி இரைச்சலும் அடங்காத படபடப்பும்: பூங்காவில் உட்கார்ந்தால் குறையுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில், கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. எனக்கு வயது 41. வேலையிலிருந்து திரும்பி வெகுநேரம் ஆகியும் படபடப்பு அடங்குவதில்லை. பிள்ளைகள்மீது எரிந்து விழுகிறேன். லாரிச் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. தினமும் பூங்காவில் சற்று உட்கார்ந்தால் சரியாகும் என்கிறார் தோழி. உண்மையா டாக்டர்?

பதில்: தோழி சொல்வது சரிதான். ஆனால் 'பழகிவிட்டது' என்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை. மனம் பழகும், இதயமும் ரத்தக் குழாய்களும் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. தூக்கத்திலும் காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். நள்ளிரவில் ஒரு லாரி ஏர்ஹாரன் அடித்தபடி, காலிப் பெட்டி தடதடக்கப் போனால், நீங்கள் விழிக்காமலேயே நாடித்துடிப்பு ஏறி இறங்கும். பகலில் ஏறிய பதற்றம் வடிய வேண்டிய நேரத்தை அந்த இரைச்சல் பறித்துக்கொள்கிறது. காலையில் களைப்பாகவும் மாலையில் எரிச்சலாகவும் அது வெளிவரும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. அது ஏட்டோடு நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எரிச்சலை உங்கள் குணக்கேடு என்று நினைத்து நொந்துகொள்ளாதீர்கள்.

பசுமைக்கு உண்மையிலேயே பலன் உண்டு. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றி அமெரிக்காவின் ரோஜர் உல்ரிச் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்; வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போகாமல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 20 நிமிடம் உட்காருங்கள். வேகநடை கட்டாயமில்லை. கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். சாலையோர பெஞ்சு வேண்டாம், உள்ளே தள்ளிப் போங்கள். நாலைந்து மரங்கள் இரைச்சலைப் பெரிதாகத் தடுப்பதில்லை, தூரம்தான் தடுக்கும்.

ஆனால் இரவைக் கவனிக்காமல் பூங்காவை மட்டும் நம்பினால் பாதிப் பலன்தான். படுக்கையைப் பின்னறைக்கு மாற்றுங்கள். ஒரே அறைதான் என்றால், சாலைப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபக்கம் காற்றுக்குத் திறந்துவையுங்கள். மருந்துக் கடையில் நுரையாலான காதடைப்பான் மலிவாகவே கிடைக்கும். குழந்தை அழுவதோ கதவு தட்டுவதோ கேட்கும்படி இன்னொருவர் வீட்டில் இருக்கும் நாட்களில் அணியுங்கள்.

எல்லாவற்றையும் லாரிமேல் போட்டுவிடவும் கூடாது. தைராய்டு மிகுந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். இந்த வாரமே ரத்த அழுத்தம், தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். படபடப்புடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.