டென்னிஸ் சங்கத்தில் சேரும் முன்: கேள்வி பதில்

நாகர்கோவில் வட்டாரத்தில், ஊரார் சேர்ந்து நடத்தும் டென்னிஸ் சங்கம் ஒன்றில் பல ஆண்டுகளாக ஆடிவரும் மூத்த உறுப்பினர், சேர விரும்புவோரின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

தக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை: எனக்கு 41 வயது, மட்டையைத் தொட்டதே இல்லை. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா, சார்?

தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள், டீச்சர். ஆனால் சேர்ந்த பிறகு உங்களோடு ஆட ஆள் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் முதன்முதலில் சேர்ந்த சங்கத்தில், தரையும் விளக்கும் நன்றாக இருப்பதைக் கண்டு, ஆறு மாதச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டேன். அங்கே மாலையில் வருகிற நால்வர் எப்போதும் தங்களுக்குள்ளேயே டபுள்ஸ் ஆடுவார்கள். நான் வேலியோரம் பெஞ்சில் உட்கார்ந்து பந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவேன். ஆகவே பணம் கட்டுமுன், நீங்கள் ஆடப்போகும் அதே நேரத்தில், சனி ஞாயிறு அல்லாத ஒரு நாளில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். புதியவரை ஆட்டத்தில் சேர்க்க யாராவது தாமாக எழுந்து இடம் விடுகிறார்களா, தொடக்கநிலைக்காரர் இன்னும் இரண்டு மூன்று பேராவது வருகிறார்களா என்று கவனித்தால் போதும், மற்றதெல்லாம் சரிசெய்துகொள்ளக்கூடியவை.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வணிகர்: நுழைவுக் கட்டணம், மாதச் சந்தா தவிர வேறு என்ன செலவு வரும், அண்ணாச்சி?

பந்துதான். காற்றழுத்தமுள்ள பந்து டப்பாவைத் திறந்த நாளிலிருந்தே தொய்யத் தொடங்கிவிடும். அன்றாடம் ஆடுவோருக்கு இரண்டு வாரம் தாங்கினால் பெரிது. புதிய பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கடினத் தரையில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும் என்பது விதி; அதாவது பாதி உயரத்துக்குச் சற்று மேல். பாதியைக்கூடத் தொடவில்லையென்றால் அதைப் பிள்ளைகளின் தெரு கிரிக்கெட்டுக்குக் கொடுத்துவிடலாம். பந்தைச் சங்கம் வாங்குகிறதா, ஆடும் நால்வர் பங்கு போடுகிறார்களா, இரவு விளக்குக்குத் தனிப் பணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மட்டையை முதல் மாதம் இரவல் வாங்கி ஆடலாம். காலணியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: ஓட்டப்பயிற்சிக்கான ஷூ முன்னோக்கி ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது, பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் புரண்டுவிடும்.

குழித்துறையிலிருந்து ஒரு தந்தை: என் மகளுக்கு 8 வயது. பெரியவர்களின் மட்டையும் பந்தும் கொடுக்கலாமா?

கூடாது. முழுக் களத்தின் நீளம் 23.77 மீட்டர், சாதாரண மஞ்சள் பந்து அதில் எழும்பினால் அவள் தலைக்கு மேலே போகும். பிள்ளைகளுக்கென்று சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என மூன்று படிகளில் பந்துகள் உள்ளன. இவை முறையே 75, 50, 25 சதவீத அளவுக்கு வேகம் குறைந்தவை. முதலிரண்டுக்கும் களமும் சிறியது. ஆரஞ்சுக்கு 18 மீட்டர். 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாதென்று 2012 முதல் சர்வதேச விதியே வந்துவிட்டது. பயிற்சியாளரிடம் எந்தப் பந்தில் கற்றுத்தருவீர்கள் என்று கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே கூடை மஞ்சள் பந்துதான் என்றால் வேறிடம் பார்ப்பது நல்லது.

களியக்காவிளையிலிருந்து ஒருவர்: மண் கோர்ட்டா, சிமெண்ட் கோர்ட்டா?

முழங்காலுக்கு மண் இதம். ஆனால் நம் பக்கம் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என இரண்டு பருவத்திலும் நனைகிறது. மண் தரை நனைந்தால் உலர்ந்து, உருளை ஓட்டி, சுண்ணாம்புக் கோடு மறுபடி போட்டு முடியும்வரை ஆட்டமில்லை; சிமெண்ட்டில் தண்ணீரைத் தள்ளிவிட்டு அன்று மாலையே ஆடலாம். மழை நாளுக்குச் சந்தாவில் கழிவு எங்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: எங்கள் ஊர்க் காற்றில் டென்னிஸ் ஆட முடியுமா, சார்?

முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டது சும்மாவா, தம்பி! கணவாய்க் காற்று உச்சத்தில் இருக்கும் மாதங்களில் சர்வீஸுக்கு, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடிக்கு, பந்தை உயரத் தூக்கினால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கும். ஆகவே தாழத் தூக்கி, சட்டென்று அடித்துப் பழகுங்கள். காற்றை எதிர்த்து ஆடுபவருக்குத் துணிந்து அடிக்க இடமுண்டு; காற்று பின்னாலிருந்து தள்ளும்போதுதான் பந்து கோட்டைத் தாண்டிப் போகும். பல புள்ளிகள் சேர்ந்த சிறு சுற்றைக் கேம் என்பார்கள்; முதல் கேம் முடிந்ததும், பிறகு இரண்டிரண்டு கேமுக்கு ஒருமுறையும் பக்கம் மாறுவதால் கஷ்டம் இருவருக்கும் பொது. அதிகாலையில் ஆடும் சங்கம் அருகில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் நம் ஊரில் பிறந்தவரா?

ஆம், 1937இல். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதி வரை போனார்.

சுசீந்திரத்திலிருந்து ஓய்வுபெற்ற அலுவலர்: நடுவர் இல்லாத ஆட்டத்தில் கோட்டுத் தகராறு வந்தால்?

உங்கள் பக்கம் விழுந்த பந்துக்கு நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், எதிர்ப்பக்கத்துக்கு அவர்கள். பந்து கோட்டின் விளிம்பைத் தொட்டாலும் உள்ளேதான். சரியாகப் பார்க்கவில்லையென்றால் புள்ளி எதிராளிக்குப் போகும். எங்கள் சங்கத்தில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 'தெரியலே, உனக்கே' என்பார். அவரோடு ஜோடி சேர எப்போதும் ஆள் காத்திருக்கும்.