மெலிந்த தூணுக்குத்தான் தடித்த பூச்சு

கேள்வி: எங்கள் கோடவுனுக்குள் இரும்பில் மாடித்தளம் போட்டிருக்கிறோம். தூண் ஐ.எஸ்.எம்.பி. 200 (200 மி.மீ. உயர 'ஐ' வடிவ இரும்புச் சட்டம்), பீம் ஐ.எஸ்.எம்.பி. 300, மேலே கான்கிரீட். ஒரு மணி நேரம் தீ தாங்கும் பெயிண்ட் வேண்டும். கான்ட்ராக்டரோ, "எல்லாத்துக்கும் ஒரு எம்.எம். போதும் சார், வேணும்னா பெரிய பீமுக்குக் கொஞ்சம் கூட்டிக்கலாம்" என்கிறார். சரியா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: சரியில்லை. அதிலும் அந்த 'வேணும்னா' அப்படியே தலைகீழ். கூட்ட வேண்டியது தூணுக்கு.

கனமான தோசைக்கல்லையும் மெல்லிய தகரத் தட்டையும் ஒரே தீயில் வைத்துப் பாருங்கள். தட்டு உடனே காய்ந்துவிடும், கல் நிதானமாகத்தான் காயும். இரும்புச் சட்டமும் அப்படித்தான். தீ படும் சுற்றளவு எவ்வளவு, அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள உள்ளே இரும்பு எவ்வளவு என்பதுதான் கணக்கு. சுற்றளவை மீட்டரிலும் வெட்டுமுகப் பரப்பைச் சதுர மீட்டரிலும் எடுத்து வகுத்தால் வருவது செக்‌ஷன் ஃபேக்டர்.

உங்கள் தூணையே போட்டுப் பார்ப்போம். உயரம் 200, ஃபிளேஞ்ச் (மேலும் கீழும் இருக்கும் பட்டை) அகலம் 100, வெப் (நடுத்தகடு) தடிமன் 5.7 மி.மீ. நாலு பக்கமும் தீ படும். சுற்றளவு சுமார் 789 மி.மீ., பரப்பு 3,233 சதுர மி.மீ. மீட்டருக்கு மாற்றி வகுத்தால் 244. பீமுக்கு மேல் ஃபிளேஞ்சைக் கான்கிரீட் மூடியிருப்பதால் மூன்று பக்கம்தான் கணக்கு: 1,005 மி.மீ., 5,626 சதுர மி.மீ., விடை 179. இதே மாதிரி தளத்தைத் தாங்கும் ஐ.எஸ்.எம்.பி. 600 என்றால் 116தான். குறுக்கே 50×50×6 ஆங்கிள் ('எல்' வடிவச் சட்டம்) கட்டியிருந்தால் அது 350ஐத் தொடும். எண் ஏற ஏறப் பூச்சும் தடிக்க வேண்டும்.

அடுத்தது, எந்தச் சூட்டில் சட்டம் தாங்காமல் போகும் என்பது. இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 800:2007 சொல்லும் வழி எளிது. தீ நேரத்துச் சுமை, சட்டத்தின் தாங்குதிறனில் எத்தனை பங்கோ அதை 690ஆல் பெருக்கி 905இலிருந்து கழியுங்கள். பாதிச் சுமை என்றால் 560 டிகிரி. முக்கால்வாசி நெருங்கி 0.7 என்றால் 422தான்! மூட்டையை மூட்டைமேல் அடுக்கும் கோடவுனில் இதை உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் கேட்காமல் விடாதீர்கள். அதே தரநிலையின்படி, பெயிண்ட் இல்லாத உங்கள் பீம் 560ஐ எட்ட 18 நிமிடம் போதும்.

இந்த இரண்டு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு பெயிண்ட் கம்பெனியின் தடிமன் டேபிளை (அட்டவணையை) கேளுங்கள். உலையில் சோதித்து அந்தப் பெயிண்டுக்கென்றே போட்ட டேபிளாக இருக்க வேண்டும். வேறு கம்பெனி டேபிள் உதவாது. 244க்கு அதில் கட்டமே இல்லையென்றால் தூணைச் சுற்றிப் பலகையால் பெட்டி அடிக்கலாம். அப்போது சுற்றளவு 600 மி.மீ. ஆகி எண் 186க்கு இறங்கும். தடிமனைப் பலகையின் டேபிளில் பாருங்கள்.

டேபிளில் இருப்பது காய்ந்த தடிமன். பெயிண்டில் கன அளவுப்படி திடப்பொருள் 70 சதவீதம் என்றால், காய்ந்தபின் 1.4 மி.மீ. நிற்க ஈரத்தில் மொத்தம் 2 மி.மீ. ஏற வேண்டும். பல கோட்டிங்காகத்தான் ஏற்ற முடியும். இரண்டு கோட்டிங்கில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

அப்புறம் அளப்பது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தடிமன் அளக்கும் மீட்டரை எங்கே வைத்தாலும் 1.2 மி.மீ. காட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். ஓரிடத்தில் சுரண்டிப் பார்த்தால் பழைய பிரைமர் (அடிப்பூச்சு), அதன்மேல் புது பிரைமர், இரண்டும் சேர்ந்தே 0.3 மி.மீ.! ஆகவே பிரைமர் முடிந்ததும் ஒருமுறை அளந்து எழுதி வைத்து, கடைசி அளவில் கழியுங்கள். வெப்பும் ஃபிளேஞ்சும் சேரும் உள்மூலையிலும், சுவரை ஒட்டிய பக்கத்திலும் கண்டிப்பாக மீட்டரை வையுங்கள். ஸ்ப்ரே அடிப்பவர் கை எட்டாத இடங்கள் அவை.