டிராயிங் மாஸ்டரிடம் கேளுங்கள்: "இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?"

கோத்தகிரியில் 31 வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடு போடச் சொல்லிக் கொடுத்தவன். இன்று ஞாயிறு, வெளியே மேகம் இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. உட்கார்ந்து பதில் சொல்கிறேன். ஒரு வேண்டுகோள்: பாறை ஓவியத்துக்கு வழி கேட்காதீர்கள்.

குன்னூர், தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்: மாஸ்டர், கோவையில் ஒரு கண்காட்சிக்குப் போனேன். நாலு கறுப்புக் கோடு, ஒரு சிவப்புக் கட்டம். விலை நாற்பதாயிரம். இதுக்கு என்ன அர்த்தம்? ஏமாத்து வேலைதானே?

தம்பி, உங்கள் தொழிற்சாலையில் டீ டேஸ்டர் என்ன செய்கிறார்? கரண்டியில் எடுத்து 'சுர்'ரென்று உறிஞ்சுகிறார். நாக்கில் உருட்டித் துப்புகிறார். "இந்த டீக்கு என்ன அர்த்தம்?" என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. நீங்கள் உறிஞ்சாமலே அர்த்தம் கேட்கிறீர்கள்.

இன்னொன்று. நம் ஊர் மேடைகளில் மரியாதைக்குப் பூத்துக்குளி போர்த்துவார்களே, நீலகிரித் தோடர் பழங்குடிப் பெண்கள் தைக்கும் சால்வை, அதை விரித்துப் பாருங்கள். வெள்ளைத் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல், கோடும் கட்டமும்தான். அதைப் பார்த்து "புரியலை" என்று சொன்ன ஒருவரை நான் கண்டதில்லை. ஊட்டிப் பக்கம் ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், ஒரு பாட்டி தைப்பதை அரைநாள் பார்த்தேன். துணியை இழுத்துக் கட்டச் சட்டம் கிடையாது, பென்சில் கோடு கிடையாது. துணியின் இழைகளை ஊசி நுனியால் எண்ணி எண்ணிப் போகிறார். ஒரு இழை தப்பிவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை. அவர் விரலுக்குத் தெரிந்தது. வரிசை முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கினார். அதே துணியைத்தான் உயிரோடு இருக்கிறவர்கள் போர்த்திக்கொள்கிறார்கள், இறந்தவர் உடலுக்கும் சுற்றுகிறார்கள். விழாவில் பார்க்கும்போது ஒன்று, சாவில் பார்க்கும்போது வேறொன்று. சிவப்பும் கறுப்பும் மாறவில்லை. அர்த்தம் தனியாக அதில் எதுவும் இல்லை.

ஊட்டி, தோடர் வீட்டுப் பெண்: ஐயா, அர்த்தம் இல்லைன்னு யார் சொன்னது? எங்க தையல்ல ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்கு. எருமைக் கொம்பு இருக்கு. பார்த்த உடனே எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியலைன்னா அது உங்க குறை.

தப்பு என்னுடையதுதான் அம்மா. கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். கொம்பைக் கொம்பு என்று தெரிந்து பார்க்கிற கண் வேறு, வெறும் வளைவாகப் பார்க்கிற என் கண் வேறு.

குன்னூர், அதே ஊழியர்: பார்த்தீங்களா! அப்போ அர்த்தம் இருக்கு. அந்த நாற்பதாயிரத்துக்கு இருக்கா?

அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் அதன் முன்னால் நின்றீர்கள்? நேர்மையாகச் சொல்லுங்கள்.

குன்னூர், அதே ஊழியர்: ஒரு நிமிஷம் இருக்கும். விலையைப் பார்த்தேன், வந்துட்டேன்.

விலையைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

கூடலூர், மொபைல் கடை: குறுக்க பேசறேன் மாஸ்டர். தோடர் தையல் கைத்தொழில். ஓவியம் கலை. ரெண்டையும் ஒண்ணா சேர்க்காதீங்க.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் கலை, தோளில் போட்டால் கைத்தொழிலா? 2013-இல் தோடர் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கைவினைப் பொருள் என்ற வகையில். அரசுக்குப் பட்டியல் போட அது வசதி. கண்ணுக்கு எதற்கு அந்தப் பட்டியல்?

கூடலூர், மொபைல் கடை: ஆனா ஓவியர் புதுசா யோசிக்கிறார். இவங்க பாட்டி போட்டதையே போடறாங்க.

ஊட்டி, தோடர் வீட்டுப் பெண்: எங்க அம்மா போட்டதும் நான் போட்டதும் பக்கத்துல வெச்சா எது யாரோடதுன்னு எங்க மந்துல சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. அடுத்த கேள்வி.

கோவை, ஐ.டி. ஊழியர்: கரிக்கியூர் பாறை ஓவியத்துக்கு எந்த வழியா போகணும் சார்? லொக்கேஷன் அனுப்ப முடியுமா?

முடியாது. மேலே முதல் பத்தியில் சொல்லிவிட்டேன். அது காட்டுக்குள் இருக்கிறது, வனத்துறை அனுமதி வேண்டும். வழி சொல்லாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இருபது வயதில், வேறொரு பாறையில், ஒரு சிவப்பு உருவம் மங்கலாகத் தெரிந்தது. போட்டோவில் பளிச்சென்று விழட்டும் என்று கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். இரண்டு நிமிஷம் அப்போதுதான் வரைந்ததுபோல மின்னியது. பிறகு காய்ந்து பழையபடி ஆனது. கைக்குட்டையைப் பார்த்தால் இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்பு எவ்வளவு காலமாக அந்தப் பாறையில் இருந்தது என்று யோசியுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், சாக்பீஸால் ஓரம் வரையாதீர்கள், பெயரைக் கீறாதீர்கள்.

ஆசை இருந்தால் கோத்தகிரி வட்டாரத்து வெள்ளரிக்கொம்பைப் பக்கத்து ஆலு குறும்பர் பழங்குடியினர் இன்று வரையும் படங்களைப் பாருங்கள். எழுத்துப்பாறை என்ற பாறையில் உள்ள பழைய ஓவியங்களைத் தங்கள் முன்னோர் வரைந்தவை என்று சொல்பவர்கள் அவர்கள். வேங்கை மரத்துப் பிசினில் எடுத்த பழுப்பில், செங்குத்துப் பாறையில் கொடி கட்டித் தொங்கித் தேன் எடுக்கும் ஆளை வரைவார்கள். ஆள் ஒரு குச்சி, அவ்வளவுதான். முகம் இல்லை. ஆனால் பார்க்கும்போது உள்ளங்கால் கூசும்.

கொடைக்கானல், கல்லூரி மாணவி: நான் வரையற மலையெல்லாம் சுவர் மாதிரி தட்டையா இருக்கு. ஏன் சார்?

நல்ல கேள்வி. கோக்கர்ஸ் வாக்கில் மழை விட்ட காலையில் நின்று, மலை எத்தனை அடுக்கு என்று எண்ணுங்கள். பக்கத்து மலையில் மரம் மரமாகத் தெரியும், பச்சையிலே கொஞ்சம் சிவப்பும் கலந்திருக்கும். அடுத்தது சாம்பல் கலந்த பச்சை. அதற்கப்பால் நீலம். கடைசி அடுக்கு வானத்தோடு கரைந்துவிடும். நடுவில் இருக்கும் காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. தூரம் கூடக்கூட அந்த நீலம்தான் மலைமேல் படிகிறது. நீங்கள் டியூப் பச்சையை அப்படியே எல்லா மலைக்கும் பூசுகிறீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து அதைக் கொல்லுங்கள். தூரத்து மலைக்குத் தண்ணீர் அதிகம், ஓரம் மங்கல்.

மேகத்தை வெள்ளை பூசி வரையாதீர்கள். காகிதத்தைச் சும்மா விடுங்கள். சங்கப் பாட்டில் உள்ளுறை என்று ஒன்று உண்டே: சுனையையும் குரங்கையும் சொல்லிவிட்டுத் தலைவி மனசைச் சொல்லாமல் விடுவார்கள், கேட்பவர் சேர்த்துக்கொள்வார். நீங்கள் விட்ட வெள்ளைக்குள் பார்ப்பவர் தன் மலையை வைத்துக்கொள்வார்.

மஞ்சூர், ஒரு அம்மா: ஏழு வயசுப் பையன். ஓவியம் வருமா?

வரும். "இது என்னடா?" என்று கேட்காமல் இருந்தால்.

திண்டுக்கல், ஒரு அப்பா: என் மகளுக்கு ஆறு வயது. ஓவியம் வருமா?

மஞ்சூர் அம்மாவுக்குச் சொன்னதே.

குன்னூர், மளிகைக் கடை: அப்பா காலத்து முருகன் காலண்டர். கடையில எந்த மூலையில நின்னாலும் என்னையே பார்க்கிறார். அதுவும் கலையா?

நேராகப் பார்க்கும்படி வரைந்த கண், படம் தட்டை என்பதால், எங்கே நின்றாலும் உங்களைத்தான் பார்க்கும். சூத்திரம் அவ்வளவுதான். ஆனால் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. கோவில்பட்டி கொண்டையராஜு நாடகத்துக்குத் திரை வரைந்தவர். அவருடைய சாமிப் படங்கள் காலண்டராக அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போயின. கோயிலுக்குப் போக முடியாத பாட்டியைச் சாமியே வீட்டுக்கு வந்து பார்த்தார். சிற்பிகள் சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசியில் வைத்திருப்பது சும்மா இல்லை. அந்தக் காலண்டரைத் தூக்கிப் போடாதீர்கள்.

கோத்தகிரி, வங்கி ஊழியர்: சுவரில் மாட்டிய படத்தில் பூஞ்சை வருது.

வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. பின்னால் காற்று போக இடைவெளி விடுங்கள்.

ஈரோடு: (படம் இணைத்திருக்கிறார்) இதுக்கு என்ன அர்த்தம்?

ஐயா, காலையிலிருந்து ஏழாவது ஆள் நீங்கள். உங்கள் கண் முதலில் எங்கே போனது, அப்புறம் எங்கே போனது? அதை எழுதி அனுப்புங்கள், பேசலாம்.

பெயர் சொல்லாதவர்: ஏஐ வரையறது கலையா?

என் துறை இல்லை.

குன்னூர், தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்: மாஸ்டர், கடைசியா ஒண்ணு. வீட்ல மாமனாருக்குப் போட்ட பூத்துக்குளியை எடுத்து விரிச்சுப் பார்த்தேன். அரை மணி நேரம். ஒரு ஓரத்துல சிவப்பு ஒரு வரிசை கூட இருக்கு. இந்தப் பக்கம் இல்லை. தப்பா விழுந்ததா, வேணும்னே போட்டதா?

ஊட்டி அம்மாவைக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.