முடிச்சுப் போட்டது யார்?

கேள்வி: எனக்கு வயது 36. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். ஆறு வருடமாகப் பழைய கண்டாங்கிச் சேலைத் துணியில், பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளை எம்பிராய்டரி செய்கிறேன். அடுத்த வருடம் சென்னையில் முதல் தனிக் கண்காட்சி. பார்க்க வருபவர்கள் எல்லோரும் துணியில் தைத்திருக்கும் உதிர்ந்த சுவர்கிட்டேதான் போய் நிற்கிறார்கள். கணவரோ, "இந்தப் பொழுதுபோக்கை விட்டுட்டு ஆரி ப்ளவுஸ் தைச்சா நாலு காசு வரும்" என்கிறார். எனக்கென்று ஓர் அறைகூடக் கிடையாது. வீட்டின் இரண்டாம் கட்டு, அதாவது உள்முற்றப் பகுதியில் உட்கார்ந்துதான் தைக்கிறேன். பொழுது போகவில்லை என்று அத்தையும் கூட உட்கார்ந்து முடிச்சுப் போட்டுத் தருவார். காரைக்குடியில் தனியாக ஸ்டூடியோ எடுக்கலாமா?
– தேவகோட்டை வாசகி

பதில்: ஊசிக்குப் பதில் தூரிகை, இல்லாவிட்டால் வீணை. மற்றபடி இதே கடிதம் எனக்கு மாதம் ஒன்றாவது வரும். ஆரி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். முகூர்த்த மாதத்தில் நாலு ப்ளவுஸ் தைத்து நூல் செலவைத் தேற்றிக்கொள்வதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அது கொக்கி ஊசி, அதற்குக் கை வேறு. பிடித்தால் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள்.

என் கண் நின்ற இடம் வேறு. "அத்தையும் முடிச்சுப் போட்டுத் தருவார்." போகிற போக்கில் ஒரு வரி. அதற்குக் கொஞ்சம் மேலே, எல்லோரும் உதிர்ந்த சுவர்கிட்டேதான் நிற்கிறார்கள் என்று பெருமைப்பட்டிருக்கிறீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைத்த சுவர் உங்கள் ஊர்ச் சுவர். அந்த வழவழப்பை, நூலை நெருக்கி நிரப்பும் சாட்டின் தையலில் கொண்டுவந்துவிடலாம். பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும் சொரசொரப்பான இடத்துக்குத்தான் முடிச்சுத் தையல் வேண்டும். அப்படியானால், வந்தவர்கள் எல்லாம் நின்று பார்க்கிற அந்தச் சுவரைத் தைத்தது யார் தாயீ?

முடிச்சுத் தையல் லேசுப்பட்டதில்லை. ஆறு இழையில் இரண்டைப் பிரித்து, ஊசியில் சுற்றி, இடது கையால் நூலை இழுத்துப் பிடித்தபடி, ஏறின துளைக்குப் பக்கத்திலேயே இறக்க வேண்டும். அதே துளையில் இறக்கினால் முடிச்சு பின்பக்கம் ஓடிவிடும். பிடி தளர்ந்தால் தொளதொளவென்று நிற்கும். ஆயிரக்கணக்கான முடிச்சுகளை ஒரே அளவாகப் போடுகிறவரைப் பார்த்து, பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்கிறீர்கள். கணவர் உங்களை நோக்கிச் சொன்ன சொல் சுட்டதல்லவா? அதையே எடுத்து அவருடைய ஆத்தா தலையில் வைத்திருக்கிறீர்கள். மாமியாரைக் குறை சொல்லாத கடிதம் எனக்கு அபூர்வமாகத்தான் வரும். அதிலும் இந்த லட்சணம்!

அலிகியெரோ போயெட்டி என்ற இத்தாலியக் கலைஞர், 1971 முதல் ஆப்கானியப் பெண்களைக் கொண்டு உலக வரைபடங்களை எம்பிராய்டரி செய்வித்தார். ஒன்றில் கடல் இளஞ்சிவப்பாக வந்துவிட்டது. கையில் அந்த நூல்தான் நிறைய இருந்தது, போட்டுவிட்டார்கள். அவருக்கு அது பிடித்துப்போய், பிறகு கடலின் நிறத்தை அவர்களிடமே விட்டுவிட்டார். அந்தக் கடலை வியந்து எழுதியவர்கள் ஏராளம். தைத்த பெண்ணின் பெயரை நான் எங்கும் படித்ததில்லை. அமெரிக்காவின் ஜூடி சிகாகோ, 1974 முதல் 1979 வரை உழைத்து, 39 பெண்களுக்கு இலை போட்ட மாதிரி ஒரு பெரிய விருந்து மேசையைப் படைத்தார். எம்பிராய்டரி விரிப்புகள் அதில் முக்கியம். கூட உழைத்தவர்களின் பெயர்ப் பலகைகளையும் சேர்த்தே காட்சிக்கு வைத்தார். நீங்கள் இந்த இருவரில் யார் பக்கம்?

உங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளரைத் திருப்பிப் பாருங்கள், பேர் வெட்டியிருக்கும். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்களை ஊர், விலாசம் என்கிற பெயரின் முதலெழுத்துகளால்தான் அறிந்தது. நீங்கள் தைக்கிற கண்டாங்கிக்குக்கூட 2019-இல் புவிசார் குறியீடு வந்து, காரைக்குடி பெயர் ஒட்டிக்கொண்டது. அத்தையின் கைக்கு மட்டும் விலாசம் கிடையாதா?

குடும்பத்துக்குள் கூலியா என்று முகம் சுளிக்காதீர்கள். கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள் வேறு வைத்து, அடுப்பையும் கணக்கையும் தனியாகப் பிரித்த ஊர் உங்களுடையது. அதனால் யாரும் தகப்பன் பிள்ளை இல்லாமல் போய்விடவில்லை. ஒரு பேரேடு போடுங்கள். தேதி, எந்தப் படைப்பு, யார் எத்தனை மணி நேரம். விற்றால் கேலரிக்காரர் ஒரு பங்கை, சில இடங்களில் பாதியைக்கூட, எடுத்துக்கொள்வார். நூல் செலவும் சட்டம் போடும் செலவும் போக மிஞ்சுவதில் அத்தையின் மணிக்கணக்குக்கு உள்ளதை அவர் கையில் கொடுங்கள். எண்ணமும் வரைவும் உங்களுடையவை, கூடுதலாக எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பேரேட்டைக் கணவர் முன்னால் விரித்து வையுங்கள். தன் ஆத்தா பெயரைப் பார்த்துவிட்டு, பொழுதுபோக்கு என்று இன்னொரு தரம் சொல்லட்டும்.

காரைக்குடி அறையா? அத்தை தினம் பஸ் ஏறி வருவாரா, இல்லை சுவரை இனி நீங்களே போடுவீர்களா? இரண்டாம் கட்டிலேயே இருங்கள். வளவு என்கிற முற்றத்து வெளிச்சத்தில் தைக்கலாம். முடிந்த துணியை மட்டும் அங்கே மாட்டாதீர்கள், வெயில் பட்டு நூல் வெளுத்துவிடும். சாயங்கால வேலைக்கு ஒரு நல்ல மேசைவிளக்கு வாங்குங்கள். அத்தையைக் கண் டாக்டரிடம் காட்டி எத்தனை வருடம் ஆயிற்று?

கண்காட்சியில் சுவரோரம் ஒட்டும் சீட்டில் இரண்டு பெயர் வர வேண்டும். எப்படிப் போடுவது என்று அத்தையிடமே கேளுங்கள். நீங்கள் எழுதியது நாலு பக்கம், இங்கே சுருக்கியிருக்கிறோம். அதில் நூல் கம்பெனி பெயர் இருக்கிறது, கேலரி பெயர் இருக்கிறது. அத்தையின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், எந்தப் பக்கத்திலும் இல்லை.